ரேடியேட்டரில் ‘மைலோ’ கலந்தால்...

எனக்கு முன் பேசிய நண்பர், பழைய கார் வாங்குகிறவர்கள் கிராண்ட், கடன், காப்புறுதி ஆகியவற்றை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று அழகாக விளக்கினார். தாள்களைப் பற்றி அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. நான் பட்டறைக்காரன். பேனட்டைத் திறந்து வைத்துக்கொண்டால்தான் எனக்குப் பேச்சு வரும். எனவே பேனட்டுக்குக் கீழே இருக்கும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர்.

2014-இல் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பள்ளி வேன் ஓட்டும் ஓர் அன்பர் என்னிடம் வந்தார். டீசல் வேன். ஸ்பேர் டேங்க் மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் இல்லை. கெட்டியாகக் கலக்கிய மைலோ மாதிரி ஒரு குழம்பு. வேறு இரண்டு இடங்களில் கழுவிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் மீண்டும் மைலோ. நான் பார்த்த மாத்திரத்தில் “ஹெட் கேஸ்கெட் போய்விட்டது” என்று சொல்லிவிட்டேன். ஹெட்டை இறக்கினேன், தேய்த்துச் சமப்படுத்தக் கொடுத்தேன், புது கேஸ்கெட் போட்டேன், நன்றாகக் கழுவினேன். மனைவியின் சங்கிலியை அடகு வைத்துத்தான் அவர் பணம் கொண்டுவந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். நான்காவது நாள் அந்த வேன் திரும்பி வந்தது. ஸ்பேர் டேங்கில் மைலோ.

கோளாறு ஹெட் கேஸ்கெட்டில் இல்லை. எண்ணெய் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் ஓயில் கூலரில், விரல் மோதிரம் அளவுள்ள ஒரு ரப்பர் வளையம் வெடித்திருந்தது. என் கூலியை முழுவதும் திருப்பிக் கொடுத்தேன். ஆனாலும் அவர் ஒன்பது நாள் வேன் ஓட்டவில்லை. அத்தனை நாளும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர்கள் பட்ட பாட்டுக்கு நான் என்ன கொடுக்க முடியும்?

அன்றிலிருந்து என் பட்டறையில் ஒரு பழக்கம். அழுக்குத் தண்ணீரோடு ஒரு வண்டி வந்தால், கழுவும் குழாயை எடுப்பதற்கு முன் அழுக்கு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தாக வேண்டும். கழுவுவது அதற்குப் பிறகு. எந்த கூலண்ட் என்பது அதற்கும் பிறகு. இந்த வரிசையை மாற்றினால் காசு தண்ணீரோடு போய்விடும்.

முதலில் அந்தத் தண்ணீருக்கு என்ன வேலை என்று பார்ப்போம். நாம் ஊற்றும் பெட்ரோலின் சக்தியில் அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியாக வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதியை ரேடியேட்டர் தண்ணீர்தான் சுமந்து வெளியே கொட்டுகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் சூடு 2,000 பாகைக்கும் மேலே போகும். அதற்குச் சில மில்லிமீட்டர் தள்ளி ஓடும் தண்ணீர் 90 பாகையை ஒட்டி நிற்க வேண்டும்.

தண்ணீர் 100 பாகையில் கொதித்துவிடுமே என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் ரேடியேட்டர் மூடி. அதில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும். அது அழுத்தத்தின் அளவு. 0.9 அழுத்தத்தில் மூடிய வெறும் தண்ணீர் ஏறத்தாழ 119 பாகையில்தான் கொதிக்கும். சரிபாதி கூலண்ட் கலந்திருந்தால் அது 125 பாகையையும் தாண்டும். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. கெந்திங் மலை உச்சி சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மலையேறும்போது எஞ்சின் உழைப்பும் கூடுகிறது, கொதிநிலையும் இறங்குகிறது. காராக் நெடுஞ்சாலை ஓரத்தில் பேனட்டைத் திறந்துபோட்டு நிற்கும் கார்களில் சிலவற்றுக்கு ஒரு நல்ல மூடி போதுமாக இருந்திருக்கும்.

தைப்பூசத்தன்று பத்துமலைப் பக்கம் நெரிசலில் ஊர்ந்து போகும்போது நிலைமை வேறு. அங்கே காற்று தானாக வீசாது. ரேடியேட்டர் விசிறி ஒன்றுதான் துணை. நெடுஞ்சாலையில் சூடாகாத கார் நெரிசலில் மட்டும் சூடானால் விசிறியைப் பாருங்கள். நெரிசலில் தாங்கிய கார் வேகத்தில் சூடானால், ரேடியேட்டர் உள்ளுக்குள் அடைத்திருக்கலாம்.

இனி அழுக்குக்கு வருகிறேன். நிறமே பாதி கதையைச் சொல்லிவிடும்.

செம்மண் நிறமென்றால் துரு. 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவைப் போல, எஞ்சின் உடல் இரும்பாகவும் மேல் ஹெட் அலுமினியமாகவும் இருக்கும் வண்டிகளில் வெறும் குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்தால் இது நடக்கும். இரண்டு வேறு உலோகங்கள், நடுவே உப்பும் குளோரினும் கரைந்த தண்ணீர் என்றால் ஒரு சிறு பேட்டரி மாதிரியே வேலை செய்து உலோகத்தை அரிக்கும்.

மைலோ நிறமென்றால் எஞ்சின் எண்ணெய், நாம் கறுப்பு எண்ணெய் என்கிறோமே, அது கலந்திருக்கிறது. சிராப் பண்டோங் மாதிரி பாலும் ரோஸும் கலந்த நிறமென்றால் ஆட்டோ கியர் எண்ணெய். பல ஆட்டோ கார்களில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது உள்ளே அரித்துப்போனால் தண்ணீரும் கியர் எண்ணெயும் ஒன்றோடு ஒன்று கலக்கும். இந்தப் பண்டோங்கைப் பார்த்தவுடன் காரை ஓட்டாதீர்கள். இழுவை லோரியை அழையுங்கள். கூலண்ட் கலந்த கியர் எண்ணெய், கியருக்குள் இருக்கும் உராய்வுத் தட்டுகளின் பசையைக் கெடுத்துவிடும். ரேடியேட்டர் செலவோடு முடிய வேண்டியது கியர்பெட்டிச் செலவாகிவிடும்.

மைலோவில்தான் நான் ஏமாந்தேன் என்று சொன்னேன் இல்லையா? அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு. ஆகவே ஓயில் கூலரில் ஓட்டை விழுந்தால் எண்ணெய்தான் தண்ணீருக்குள் பாயும். எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தால் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். அந்த வேனிலும் குச்சி சுத்தமாகத்தான் இருந்தது. நான் உருவிப் பார்க்கவும் செய்தேன். பார்த்ததைப் பற்றி யோசிக்கவில்லை.

ஹெட் கேஸ்கெட் என்றால் பெரும்பாலும் வேறு அடையாளங்கள் கூடவே வரும். காலையில் குளிர்ந்த எஞ்சினை முடுக்கிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகும். ரேடியேட்டர் வாயில் இடைவிடாமல் குமிழி வரும். புகைக்குழாயில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வரும். சந்தேகம் இருந்தால் நீல நிறத் திரவம் உள்ள ஒரு சோதனைக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கலாம். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். சில நிமிட வேலைதான். “ஹெட் திறக்க வேண்டும்” என்று எந்தப் பட்டறைக்காரர் சொன்னாலும், “அந்த நீலத் தண்ணீர் சோதனை செய்தீர்களா?” என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கோபப்படுகிறவரிடம் காரை விடாதீர்கள்.

இன்னொரு அழுக்கும் உண்டு. அது நாமே போட்டது. என் அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள் தூளைப் போட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். நடுக்காட்டில் வேறு வழியில்லாத காலத்துக்கு அது புத்திசாலித்தனம்தான். இன்று கடையில் விற்கும் ஒழுக்கு அடைப்பானும் அதன் தம்பிதான். ஓட்டையை அடைக்கிற பொருள், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். வீடு வந்து சேர்வதற்கு உதவட்டும். அதையே வைத்தியமாக்கிக்கொள்ள வேண்டாம்.

கோளாறைச் சரிசெய்தாகிவிட்டது. இப்போது கழுவலாம். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடான மூடியைத் திறந்தால், அதுவரை அழுத்தத்தால் கொதிக்காமல் இருந்த தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகிப் பீய்ச்சும். முகமும் கையும் வெந்து தழும்போடு இருக்கும் தொழிலாளர்களை நான் அறிவேன்.

ரேடியேட்டரின் அடித் திருகையும், இருந்தால் எஞ்சின் உடலில் உள்ள திருகையும் கழற்றி எல்லாவற்றையும் வடிக்க வேண்டும். பிறகு தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, அதன் கூண்டை மட்டும் பூட்ட வேண்டும். அது உள்ளே இருந்தால் எஞ்சின் சூடாகும்வரை வழியை அடைத்துக்கொண்டு நிற்கும்; கழுவும் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாது. ஸ்பேர் டேங்கைத் தனியாகக் கழற்றிக் கழுவுங்கள். பாதி எண்ணெய் அங்கேதான் ஒட்டியிருக்கும். ஹோஸ்களை அழுத்திப் பாருங்கள். எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பி, சப்பாத்தி மாவு மாதிரி அமுங்கும். அதைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். வெப்பக் காற்று வசதி உள்ள கார் என்றால் அதைச் சூட்டுப் பக்கம் திருப்பி வையுங்கள்; இல்லாவிட்டால் அந்தக் குழாயில் தங்கும் அழுக்கு பிறகு வெளியே வரும்.

எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பதால் வெறும் தண்ணீரை எத்தனை முறை ஊற்றினாலும் மைலோ போகாது. ரேடியேட்டருக்கென்றே விற்கும் எண்ணெய் நீக்கி தேவை. சிலர் சமையலறையில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றுகிறார்கள். அது நுரைத்துத் தள்ளும். நுரை சூட்டைச் சுமக்காது, எஞ்சின் அந்த இடத்திலேயே கொதிக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான தூள் நுரைக்காது என்பதால் அதைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. ஆனால் அதன் காரம் அலுமினியத்தைத் தின்னும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வடித்து அலசிவிட வேண்டும். இரவு முழுதும் ஊறவிட்டால் புதுச் செலவு வரும். நான் டப்பாவில் விற்கும் நீக்கியையே பயன்படுத்துகிறேன், அதில் எழுதியிருக்கும் நேரத்துக்குமேல் ஒரு நிமிடமும் விடுவதில்லை.

எஞ்சினை மிதமாகச் சூடாக்கி, நிறுத்தி, ஆறவிட்டு, வடித்து, மறுபடியும் ஊற்ற வேண்டும். அந்த வேனுக்கு ஏழு முறை செய்தோம். பொறுமையில்லாமல் சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வளைந்து போகலாம். துருவாக இருந்தால் ரேடியேட்டரின் கீழ் வாயில் சாதாரணத் தோட்டக் குழாயை வைத்து மேல்நோக்கி அலசுவோம். அவசரக்காரர்கள் கம்ப்ரஸர் காற்றை அடிக்கிறார்கள். இன்றைய ரேடியேட்டர்களின் இரு பக்கமும் பிளாஸ்டிக். அந்த அழுத்தத்தில் விரிந்துவிடும். கடைசி அலசலை மட்டும் வடிநீரில் செய்ய வேண்டும். பட்டறைகளிலும் உதிரிபாகக் கடைகளிலும் பேட்டரி தண்ணீர் என்று விற்பார்களே, அதுதான். மினரல் வாட்டர் சுத்தமானது என்று நினைத்து வாங்காதீர்கள்; அதன் பெயரிலேயே தாதுக்கள் இருக்கின்றன, அவை குழாயில் சுண்ணாம்பாகப் படியும்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பூட்டாமல் விட்டுவிடுவது நம் நாட்டில் ஒரு பழக்கம். “இது வெயில் நாடு, அது எதற்கு?” என்பார்கள். இங்கே முன்வரிசையில் ஒருவர் தலையாட்டுகிறார், அவருக்கும் அப்படித்தான் செய்து கொடுத்திருப்பார்கள் போலும். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் தனக்குரிய சூட்டை அடைய வெகுநேரம் எடுக்கும். கம்ப்யூட்டர் உள்ள கார், எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கும். கறுப்பு எண்ணெயிலும் ஈரமும் கசடும் சேரும். புதிய தெர்மோஸ்டாட் போடுங்கள்.

இப்போது கூலண்ட். கடையில் பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு, நீலம், ஆரஞ்சு, ஊதா என்று வரிசையாக நிற்கும். நிறம் வெறும் சாயம். எந்த நிறம் எந்த வகை என்று உலகப் பொதுவிதி எதுவும் கிடையாது. பெரும்பாலானவற்றின் அடிப்படை எத்திலீன் கிளைக்கால்தான். வேறுபாடு, அதோடு சேர்க்கும் துருத் தடுப்பானில் இருக்கிறது.

பழைய பச்சை வகையில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் உலோகத்தின் மேல் விரைவாகப் படலம் கட்டும். விரைவாகத் தீர்ந்தும் போகும். அதற்கு இரண்டு ஆண்டுதான் ஆயுள். 1990-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆரஞ்சு நிறத்தில் கொண்டுவந்த வகையில் கரிம அமிலங்கள். அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் மெதுவாக வேலை செய்வதால் ஐந்து ஆண்டுகள் தாங்கும். பிறகு இரண்டையும் கலந்த வகைகள் வந்தன. ஜப்பானியர்கள் சிலிக்கேட்டைத் தவிர்த்துப் பாஸ்பேட்டைச் சேர்த்தார்கள். வாட்டர் பம்பின் சீல் தேயும் என்பது அவர்கள் கவலை. ஐரோப்பியர்கள் பாஸ்பேட்டைத் தவிர்த்தார்கள். அங்குள்ள கடின நீரில் அது படிவாகிவிடும். இதனால்தான் ஜெர்மன் காருக்கு எழுதியதை ஜப்பானிய காருக்கு ஊற்றக் கூடாது என்கிறோம்.

டொயோட்டாவிலேயே சிவப்பு என்பது தண்ணீர் கலக்க வேண்டிய கெட்டி வகை. இளஞ்சிவப்பு என்பது கலந்தே வரும் நீண்ட ஆயுள் வகை. பெயரில் ஒரு ‘இளம்’தான் வித்தியாசம், டப்பாவில் நிறைய வித்தியாசம். காரோடு வந்த கையேட்டில் என்ன வகை என்று எழுதியிருக்கிறதோ அதைப் பாருங்கள். புரோட்டோனிலேயே பழைய மிட்சுபிஷி எஞ்சினுக்கு ஒன்று, 2018-இல் வந்த எக்ஸ்70-க்கு வேறொன்று. மின்சாரக் கார்களிலும் கூலண்ட் உண்டு; சிலவற்றுக்கு மின்சாரம் கடத்தாத தனி வகை வேண்டும், அங்கே சொந்த வைத்தியம் கூடவே கூடாது.

இரண்டு வகை கலந்துவிட்டால்? எப்போதும் கட்டிதட்டும் என்று பயமுறுத்த மாட்டேன். சில கலவைகள் கூழாகும்; பல கலவைகள் கண்ணுக்கு நன்றாகவே இருந்துகொண்டு, ஐந்தாண்டுப் பாதுகாப்பை ஓரிரு ஆண்டாகக் குறைத்துவிடும். என்ன ஊற்றியிருக்கிறது என்று தெரியாத காரில் சிறிது குறைந்தால் வடிநீரை மட்டும் ஊற்றி ஓட்டிவந்து, பிறகு முழுவதும் மாற்றிவிடுவது நல்லது.

நம் நாட்டில்தான் பனி இல்லையே, கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லப்போனால் சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர் கிளைக்காலைவிடக் கெட்டிக்காரன். நமக்கு கூலண்ட் வேண்டியது உறைவுக்காக அல்ல. துருத் தடுப்பானுக்காகவும் கொதிநிலைக்காகவும். அதனால் அளவுக்குமேல் கெட்டியாக ஊற்றுவதும் தவறு. கையேடு சொல்லும் விகிதம், பெரும்பாலும் பாதிக்குப் பாதி, போதும்.

இந்த இடத்தில்தான் பலர் கணக்கில் சறுக்குகிறார்கள். 6 லிட்டர் பிடிக்கும் காரைக் கழுவி வடித்தால் 4 லிட்டர்தான் வெளியே வரும். 2 லிட்டர் வடிநீர் எஞ்சினுக்குள்ளேயே தங்கும். அதன்மேல், கலந்தே விற்கும் பாதிக்குப் பாதி கூலண்டை 4 லிட்டர் ஊற்றினால், அதில் உண்மையான கூலண்ட் 2 லிட்டர். 6-க்கு 2, அதாவது 33 விழுக்காடுதான். கழுவிய காருக்குக் கெட்டி வகையை வாங்கி 3 லிட்டர் ஊற்றுங்கள், மீதி 1 லிட்டர் வடிநீர் ஊற்றினால் கணக்குச் சரி. வடித்த தண்ணீரை வாளியில் அளந்து பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

ஊற்றும்போது காற்று சிக்கிக்கொள்ளும். காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, காற்றுத் திருகு இருந்தால் திறந்து, மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து கீழ் ஹோஸ் சூடாகும்வரை அளவைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வடித்த கூலண்டை லோங்காங்கில் ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயும் பூனையும் நக்கிச் சாகும். சிறு பிள்ளை குடித்துவிட்டால் சிறுநீரகம் செயலிழக்கும். அறிகுறி தெரியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் கிளைக்கால் கழிவு பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. வீட்டில் மாற்றுகிறவர்கள் ஒரு டப்பாவில் பிடித்து, கழிவு எண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கேட்டுக் கொடுங்கள். மைலோ கலந்த கூலண்ட் குளிர்பானப் போத்தலில் இருந்தால் பார்க்க மைலோ மாதிரியேதான் இருக்கும், அதனால் அந்தப் போத்தல்கள் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. எண்ணெய் கலந்த காரைக் கழுவிய முதல் வாரத்தில், ஸ்பேர் டேங்கில் மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரிந்தால் பதறாதீர்கள். மூலைகளில் ஒட்டியிருந்தது மேலே வருகிறது. ஒரு தாளை விட்டு ஒற்றி எடுங்கள். தினமும் காலையில், எஞ்சினை முடுக்குவதற்கு முன், அளவையும் நிறத்தையும் பாருங்கள். படலம் நாளுக்கு நாள் மெலிந்தால் நல்லது. தடித்தால் ஓட்டை இன்னும் அடைபடவில்லை. மறுபடியும் கழுவச் சொல்லாதீர்கள், தேடச் சொல்லுங்கள். அந்த வேன்காரர் இரண்டு வாரம் தினமும் காலையில் டேங்கைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பதினோராவது நாள் படத்தில் தண்ணீர் தெளிவாக இருந்தது.